யாருடைய ஆள்? வீட்டு முகவர் தொழிலும் நம்மவர் பார்வையும்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று பாட்டிமார்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழமொழியில் வரும் இரண்டு காரியங்களுக்கும் நடுவில் ஒரு தரகர் நிற்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கல்யாணத் தரகருக்கு, தட்டு மாற்றும் நாள் வரையில் நாற்காலி போட்டுக் காப்பி கொடுப்பார்கள். தாலி ஏறிய பிறகு அவர் பந்தியில் உட்கார்ந்தாரா என்று கேட்க ஆள் இருக்காது. வீட்டுத் தரகரின் கதையும் ஏறக்குறைய இதுதான். சாவி கைமாறியதும் அவர் அலைந்த அலைச்சல் மறந்துபோய், அவர் வாங்கிய கமிஷன் மட்டும் பேச்சாக மிஞ்சுகிறது.

நம் நாட்டில் பேச்சு வழக்கில் ‘ஏஜெண்டு’ என்றும், கொஞ்சம் கோபமாக இருந்தால் ‘புரோக்கர்’ என்றும் அழைக்கப்படும் இவர்களைப் பற்றியதே இக்கட்டுரை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஆறாண்டுகள் படித்தவர்களுள் மூவர் இன்று கழுத்தில் சிவப்பு அட்டை தொங்க ஈப்போவில் வீடு காட்டுகிறார்கள். மூவருமே பழைய ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்கள் ஏன் இத்தொழிலைத் தேர்ந்தெடுத்தார்கள், நம் மக்கள் ஏன் அவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வையில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஊரை விட்டுப் போகாத பிழைப்பு

முதலில் எல்லாரும் சொல்லும் காரணம் பணம். ஒரு வீடு விற்றால் ஆயிரக்கணக்கில் வரும் என்ற கனவு. இது உண்மைதான் என்றாலும் முழு உண்மை அன்று. நான் பேசிப் பார்த்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது வேறொன்று. அவர்களுக்கு ஈப்போவை விட்டுப் போக மனமில்லை, அல்லது போக முடியவில்லை.

1985-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் பிழைப்பும் சேர்ந்து சரிந்தது. அதன் பின்னர் இங்குப் படித்து முடித்தவன் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பேருந்து ஏறுவது வழக்கமாகிவிட்டது. தோட்டங்களிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. வயதான தாய் தந்தையரை விட்டுப் போக முடியாத பிள்ளைக்கு மிஞ்சியவை சில வேலைகளே: தொழிற்சாலை, பாதுகாவலர் பணி, லாரி, பேரங்காடி. இவற்றோடு ஒப்பிட்டால் வீட்டு முகவர் தொழிலில் நுழைவது எளிது. முதலாகத் தேவைப்படுவது ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு கைத்தொலைபேசி, தேய்த்த சட்டை. இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பு முடித்து, பதிவுபெற்ற நிறுவனம் ஒன்றில் சேர்ந்தால் பேரப் பேச்சாளர் அட்டை கிடைத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் கண்ணில் பட்டது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி தேசிய இடைநிலைப்பள்ளியில் முடித்த பிள்ளை மூன்று மொழிகளோடு வெளியே வருகிறான். ஈப்போச் சந்தையிலும் காப்பிக் கடையிலும் நான்காவதாகக் கொஞ்சம் கண்டோனீசும் ஒட்டிக்கொள்கிறது. அலுவலக நேர்காணலில் இந்தக் கலவைக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் மலாய்க்கார ஆசிரியரின் வீட்டைச் சீனக் கடைக்காரருக்கு விற்கும் இடத்தில் அதுதான் முதலீடு. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் எட்டு ஆண்டுகள் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு இத்தொழிலுக்கு வந்தவர். “தம்பி, அங்க எட்டு வருசத்துல எட்டுப் பேருகிட்டத்தான் பேசியிருப்பேன். இங்க ஒரு நாளைக்கு எட்டுப் பேருகிட்டப் பேசுறேன்” என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பணக் கணக்கில் அடக்க முடியாது.

சரி, பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சட்டப்படி வீடு விற்பனைக்கான கட்டணம் அதிகபட்சம் 3 விழுக்காடு. 300,000 ரிங்கிட் வீடு என்றால் 9,000 ரிங்கிட். “கதவைத் திறந்து காட்டினதுக்கா ஒன்பதாயிரம்?” என்று நம்மவர்கள் வாயைப் பிளப்பது இந்த இடத்தில்தான். விற்பவரின் முகவர் ஒருவர், வாங்குபவரை அழைத்து வந்தவர் ஒருவர் என்று இருந்தால் அது பாதியாகும், 4,500. அதில் நிறுவனத்தின் பங்கு போக, எழுபது விழுக்காடு கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டால் 3,150. அந்தப் பணமும் ஒப்பந்தம் கையெழுத்தாகி, கடன் தேறி, மாதங்கள் கழிந்தே வரும். வங்கி கடனை மறுத்துவிட்டால் அத்தனை அலைச்சலுக்கும் ஒன்றுமில்லை. பெரும்பாலோருக்கு அடிப்படைச் சம்பளம் கிடையாது. பெட்ரோலும் விளம்பரமும் சொந்தச் செலவு. இப்படி வந்து, ஓராண்டுக்குள் சத்தமில்லாமல் வேறு வேலைக்குத் திரும்பியவர்களையும் எனக்குத் தெரியும். கார் வாங்கியவனின் படம்தான் எல்லார் கைப்பேசிக்கும் வருகிறது.

அவநம்பிக்கைக்கு வயது அதிகம்

பெண் பார்க்கும் இடத்தில் “பையன் ஏஜெண்டு” என்றால் அடுத்த கேள்வி “மாசச் சம்பளம் இல்லையா?” என்பதாகவே இருக்கிறது. சம்பளமில்லாத தொழில் என்பதால் மட்டும் இந்த முகச்சுளிப்பு வரவில்லை. மளிகைக் கடைக்காரருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அவரை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. பிறர் பொருளைக் கைமாற்றி நடுவில் காசு பார்ப்பவன் மீதுதான் நமக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தின் வேரைத் தேடிப் போனால் அது நாம் இந்நாட்டுக்கு வந்த கதையில் போய் முடிகிறது.

நம் முன்னோர் அறிந்த முதல் தரகர் கங்காணிதான். தோட்டத்து நிர்வாகம் அவரை ஊருக்கு அனுப்பும். அவர் தம் கிராமத்துக்கும் உறவுக்காரர்களிடமும் போய், மலாயாவின் பெருமையைச் சொல்லி ஆள் சேர்த்து வருவார். சேர்த்த ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் உண்டு. தோட்டத்தில் அவர் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இத்தனை காசு என்று ‘தலைக்காசு’ம் உண்டு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், கங்காணி திருட்டுத்தனமாக இயங்கியவர் அல்லர். முறையான அனுமதிப் பத்திரம் வைத்திருந்தவர். அதைவிட முக்கியமாக, அவர் நம்ம ஊர்க்காரர், பல வேளைகளில் நம்ம சொந்தக்காரர். அதனால்தான் மக்கள் அவரை நம்பிக் கப்பல் ஏறினார்கள். ஆனால் அவருக்குக் காசு கொடுத்தவர் தோட்டத்துத் துரை. 1938-இல் இந்திய அரசு இந்த ஆள் சேர்ப்பைத் தடை செய்தது.

ஒரு வேடிக்கை. 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் வழி, தொழிலாளர் நலனைக் கவனிக்க இந்திய அரசு மலாயாவில் ஒரு பிரதிநிதியை அமர்த்தியது. அவருடைய பதவியின் பெயரும் ‘ஏஜெண்ட்’தான். அவருக்குச் சம்பளம் தந்தது இந்திய அரசு. அதே காலத்தில், அதே தோட்டங்களில், இடையில் நின்ற இருவேறு ஆட்கள். இருவருக்கும் கூலி வந்த திசை வேறு.

அடுத்த தரகரை நம் தாத்தாக்கள் சந்தித்தது தோட்டத் துண்டாடல் காலத்தில். 1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். கூட்டாகச் சேர்ந்து வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அசிஸ், 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கையே தயாரித்தார். அந்தப் பேரங்களில் விற்பவர் இருந்தார், வாங்குபவர் இருந்தார், தரகரும் இருந்தார். அந்த மண்ணில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர்களுக்கு மட்டும் பேச இடமில்லை. ஒரு நாள் காலையில் பிரட்டுக் களத்தில்தான் தோட்டம் கைமாறிய செய்தி தெரியும். வேலை போனால் லயத்து வீடும் போகும். ஏனெனில் வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1966-இலும் பின்பு 1990-இலும் வந்த சட்டங்கள் தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்தன. ஆனால் வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை.

பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்குச் சுற்றுலா போகாத பேராக் மாணவர் இருக்க மாட்டார். வில்லியம் கெல்லி ஸ்மித் தம் தோட்டத்தில் கட்டத் தொடங்கிய அந்த மாளிகைக்கு உழைத்தவர்கள் தமிழர்கள். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தபோது மாளிகை முடியாமலே நின்றது. சொத்து பின்னர் ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்பீல்டு நிறுவனத்துக்குப் போனது. நம்மவர் கட்டிய வீடு நம்மவர் கையைத் தொடாமலே எத்தனை முறை கைமாறியது என்பதற்கு அந்தச் செங்கல் சுவர் ஓர் எடுத்துக்காட்டு.

இந்த நிலையை மாற்ற நடந்த பெரிய முயற்சியும் எங்கள் ஊர்க்காரருடையது என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கை வாங்கும்படி தோட்டத் தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பணத்தில் முதலில் வாங்கப்பட்டது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். ஒரு நிலப் பேரத்தில் பால் வெட்டுத் தொழிலாளர்கள் வாங்குபவர் பக்கம் உட்கார முடியும் என்பதை அது காட்டியது.

ஆகவே, ஏஜெண்டு என்றதும் நம் பெரியவர்கள் முகம் சுளிப்பதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கமிஷன் என்ற சொல் அவர்களுக்கு எந்த நினைவுகளோடு வருகிறது என்று பார்த்தால் அது நியாயமே. ஆனால் இன்றைய வீடமைப்புப் பகுதிகளில் அந்த நியாயம் தவறான இடத்தில் போய் விழுகிறது என்பதே என் கருத்து. தெரியாத ஏஜெண்டு என்றால் திருடன் என்கிறோம். தெரிந்த ஏஜெண்டு என்றால் ‘நம்ம பையன்’ என்று நெஞ்சில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறோம். இரண்டு வேளையிலும், இந்த விற்பனையில் இவருக்குக் காசு கொடுப்பவர் யார் என்று கேட்பதில்லை.

நம்ம பையன் என்றால் நம்ம பக்கமா?

நம் நாட்டில் பழைய வீடு விற்பனையில் முகவர் கட்டணத்தை வழக்கமாக விற்பவரே கொடுக்கிறார். அப்படியானால் முகவர் விற்பவரின் ஆள். வாங்க வருகிறவரிடம் அவர் பொய் சொல்லக் கூடாது. ஆனால் வாங்குகிறவருக்காக விலையைக் குறைத்துப் பேசுவது அவர் வேலை அன்று. தோட்டத்திலிருந்து வந்த நம் அத்தைமார்கள் என்ன செய்கிறார்கள்? “தம்பி, ஊழியர் சேமநிதியில இவ்வளவு இருக்கு, மகன் இவ்வளவு தருவான், மொத்தம் இதுக்கு மேல முடியாது” என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த ‘இதுக்கு மேல முடியாது’ என்ற தொகை அன்றைக்கே வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டால் பிறகு பேரம் ஏது?

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இப்படித்தான் ஒரு பெரியம்மா வந்தார். ஓய்வுபெற்ற பால் வெட்டுத் தொழிலாளி. கணக்கைச் சொல்ல வாயெடுத்தவரை அண்ணன் நிறுத்தி, “பெரியம்மா, இந்த வீட்டுக்கு நான் வீட்டுக்காரரு ஆளு. உங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க” என்றாராம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒங்கம்மாவும் நானும் ஒரே நெரயில மரம் வெட்டுனவங்க, நீ இப்படிப் பேசுறியே” என்று எழுந்து போய்விட்டார். நேர்மையாக இருந்ததற்கு அண்ணனுக்குக் கிடைத்த பெயர் ‘திமிர் பிடித்தவன்’.

விற்பவருக்கும் முகவர் முழுக்க முழுக்க ஆள் அல்லர் என்பது கதையின் மறுபாதி. அமெரிக்காவில் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் சிக்காகோ வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் கட்டுரை வெளியிட்டனர். முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, பிறர் வீட்டை விற்பதைவிடச் சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து, சுமார் 3.7 விழுக்காடு அதிக விலை பெற்றார்கள் என்பது அவர்கள் கண்டது. காரணம் மேலே நாம் போட்ட கணக்கிலேயே இருக்கிறது. வீடு இன்னும் 10,000 ரிங்கிட் கூடுதலாக விலைபோனால் விற்பவருக்கு ஏறக்குறைய முழுப் பத்தாயிரமும் லாபம். நம் முகவரின் கைக்கு வருவது சுமார் 105 ரிங்கிட். அதற்காக அவர் இன்னும் இரண்டு மாதம் காத்திருப்பாரா? “சார், இந்த விலைக்கே கொடுத்துடுங்க, மார்க்கெட்டு டல்லு” என்று சொல்வார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கட்டணம் அப்படி அமைந்திருக்கிறது.

இதனால்தான் எல்லா நாடுகளும் இத்தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டு வரப் பார்க்கின்றன. இந்தியா 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே நாடு தழுவிய அளவில் முகவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. நம்மிடம் 1981-ஆம் ஆண்டிலிருந்தே 242-ஆம் சட்டம் இருக்கிறது. பதிவில்லாமல் இத்தொழில் செய்தால் 300,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சிவப்பு அட்டையில் உள்ள எண்ணை வாரியத்தின் இணையப் பக்கத்தில் தட்டினால் அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்துவிடும். முன்பணத்தை அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் கட்ட வேண்டும்; முகவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே எழுந்துவிட வேண்டும். அட்டை இருந்தால் புகார் செய்ய ஓர் இடம் உண்டு என்று அர்த்தம். அவர் யாருடைய ஆள் என்பதை அட்டை சொல்லாது. கங்காணியிடமும் பத்திரம் இருந்தது.

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடங்கள் இரண்டு என்று அண்ணன் சொன்னார். ஒன்று ‘ஃபுல் லோன்’. முன்பணம் இல்லாதவருக்காக ஒப்பந்தத்தில் விலையை ஏற்றி எழுதி, வங்கியிடமிருந்து கூடுதல் கடன் எடுக்க வைப்பது. உதவி போலத் தெரியும். ஆனால் பொய்யான விலைக்குக் கையெழுத்துப் போட்டவரும், முப்பது ஆண்டுகள் அதற்கு வட்டி கட்டுபவரும் வாங்குபவர்தான். மற்றொன்று நிலப் பட்டா. பேராக்கில் பல வீடுகள் குத்தகை நிலத்தில் உள்ளவை. தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகையில் மீதம் எத்தனை ஆண்டு என்று பார்க்காமல் சமையலறை ஓடு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. மீத ஆண்டுகள் குறைவாக இருந்தால் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். பட்டாவில் கட்டுப்பாடு எழுதியிருந்தால் கைமாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். நில அலுவலகத்தில் ‘சாரியான்’ எனப்படும் தேடலைச் செய்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதற்கு ஆகும் செலவு, ஒரு நல்ல ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிடுவதைவிடக் குறைவு.

அந்தப் பெரியம்மா மூன்று வாரம் கழித்து மறுபடியும் அண்ணனைத் தேடி வந்தார். வேறொரு வீடு, வேறொரு ஏஜெண்டு காட்டியது. பட்டா நகலைக் கையில் கொடுத்து, “இதுல என்னா எழுதியிருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லு” என்றார். அண்ணனுக்கு அதில் ஒரு காசும் வரப்போவதில்லை. படித்துச் சொன்னார். குத்தகையில் முப்பத்தொரு ஆண்டுகளே மீதம் இருந்தன. பெரியம்மா அந்த வீட்டை விட்டுவிட்டார்.

இப்போது அண்ணன் பதிவுபெற்ற முகவராவதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். பேரப் பேச்சாளர் அட்டையை வைத்துக்கொண்டு சொந்த நிறுவனம் நடத்த முடியாது. அதற்கு இரண்டு பகுதி எழுத்துத் தேர்வு, அதன் பிறகு பயிற்சி, நேர்முகச் சோதனை என்று ஆண்டுக்கணக்கில் ஆகும். இரவில் அவர் வீட்டு முன்விளக்கு எரிவதைப் பார்க்கிறேன். சட்டப் பாடம்தான் கடினமாக இருக்கிறதாம். மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளதைத் தமிழில் யாராவது ஒருமுறை விளக்கினால் பிடித்துக்கொள்வேன் என்கிறார். நம் கழகத்தின் முன்னாள் மாணவர்களில் வழக்கறிஞர்களும் வங்கி அதிகாரிகளும் சொத்து மதிப்பீட்டாளர்களும் இருக்கிறார்கள். புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை காலை போதும். முதல் வரிசையில் அண்ணனைப் போன்றவர்களும், அவர்களுக்குப் பின்னால் கையில் பட்டா நகலோடு பெரியம்மாக்களும் உட்காரட்டும். நாற்காலி அடுக்க நாங்கள் வருகிறோம்.